சுடாத குப்பி

திருகோணமலையில் எதையும் நம்பாத மனிதர்களுக்குக் குறைவில்லை. கப்பல் வருகிறது என்றால் கண்ணால் காணும்வரை நம்பாத ஊர் இது. கண்ட பிறகும், முதலில் நங்கூரம் போடட்டும் என்பார்கள். ஆனால் பக்கத்தில் இன்னொன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் தன்னுடைய பசியைக்கூட நம்பாத ஒரு மனிதர், இந்தத் துறைமுகம் உண்டான காலத்திலிருந்து ஒருவர்தான் பிறந்தார். அவரை நாங்கள் கரி டொக்டர் என்று அழைத்தோம்.

அவர் இன்றைக்கும் என் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். காலையில் மதிலுக்கு மேலால் தலையை ஆட்டுகிறார், வேலைக்குப் போகிறார், வருகிறார். ஆனால் நான் இங்கே எழுதப்போகும் கரி டொக்டர் அவரல்லர். அந்த மனிதரை, அவருடைய அக்காவை அடக்கம் செய்த அன்றே நாங்கள் இழந்துவிட்டோம். இதைப் பத்திரிகைக்கு எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். முன்பென்றால், "எழுதாமலும் ஒரு கிழமை விட்டுப் பாருங்கோ, எது நல்லதெண்டு தெரியும்" என்றிருப்பார். இந்த முறை "எழுதுங்கோ" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

எங்கள் தெரு உள்துறைமுகத்தை நோக்கிச் சரிந்து இறங்குவது. மேல் முனையில் தேநீர்க்கடை. நடுவில் என் வீடு. என் மதிலை ஒட்டியது அவர் வாடகைக்கு எடுத்த வீடு. நான் காணி அளப்பவர் ஒருவரிடம் எல்லைப் படம் வரைபவன். அவர் பல்கலைக்கழகத்தில், எங்கள் பேச்சில் கம்பஸில், இரசாயனம் படிப்பித்தார். கலாநிதிப் பட்டம் பெற்றவர் என்பதால் வீட்டுக்காரர் அவரை 'டொக்டர்' என்று தெருவுக்கு அறிமுகம் செய்துவைத்தார். மறுநாளே காய்ச்சலும் இருமலுமாக ஆட்கள் அவர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"நான் அந்த டொக்டர் இல்லை" என்றார் இவர்.

"அப்ப எந்த டொக்டர்?" என்று கேட்டார், தொண்டைநோவோடு வந்திருந்த ஒரு மீன்பிடிகாரர்.

"நான் காபனை ஆராயிறனான். காபன் எண்டா, கரி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ."

மீன்பிடிகாரர் சற்று யோசித்தார். "கரிக்கு அப்பிடி என்ன வருத்தம் வந்தது?"

அன்று மாலைக்குள் தெரு முழுவதற்கும் அவர் கரி டொக்டர் ஆகிவிட்டார்.

அவருடைய முதல் விசித்திரம் தேநீர்க்கடையில் வெளிப்பட்டது. ஒரு தேநீர் கேட்டார். கூடவே ஒரு கோப்பை வெறும் சுடுதண்ணீரும் கேட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் ஒரு மிடறு, அதில் ஒரு மிடறு என்று குடித்தார். கடை முதலாளி தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன டொக்டர், தேத்தண்ணியில குறை ஏதும் இருக்கோ?"

"இல்லை. தேயிலையால களைப்புப் போகுதோ, சூட்டால போகுதோ எண்டு தெரியவேணுமெல்லோ."

"போகுதெண்டா போகட்டுமே. எதால போனா என்ன?"

"அப்பிடி விடேலாது முதலாளி. சுடாத குப்பி இல்லாட்டி ஒண்டையும் நம்பேலாது."

சுடாத குப்பி என்றால் என்னவென்று எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. அவருடைய ஆய்வில் ஒரு கலவையைச் சுட்டுப் பார்க்கும்போது, அதே கலவையில் இன்னொரு பங்கைச் சுடாமல் பக்கத்தில் வைத்திருக்க வேண்டுமாம். சுட்ட குப்பியில் நடந்தது சூட்டால்தான் நடந்ததா, இல்லை சும்மா இருந்தாலும் நடந்திருக்குமா என்பதை அந்தச் சுடாத குப்பிதான் சொல்லுமாம். எல்லா விஞ்ஞானிகளும் இப்படித்தான் செய்வார்களாம். ஆனால் அவர்கள் அதை ஆய்வுகூடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். இவர் சுடாத குப்பியோடு சந்தைக்குப் போனார், முடிவெட்டப் போனார், கோயிலுக்கும் போனார். முடிவெட்டும் கடையில் தலையின் ஒரு பாதிக்கு மட்டும் எண்ணெய் தேய்த்துவிடச் சொன்ன ஒரே வாடிக்கையாளர் இவர்தான். கோயிலில் ஒரு வெள்ளி அர்ச்சனை செய்வார், அடுத்த வெள்ளி சும்மா கும்பிட்டுவிட்டு வருவார். ஐயர் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டபின், இவர் வரும் திசையைக் கண்டாலே மூலஸ்தானத்துக்குள் போய்விடுவார்.

மார்கழி மழைக்கு அவர் புதுக் குடை வாங்கியபோது என்னைக் கூப்பிட்டார். கூடவே நடந்து வரமுடியுமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். நானும் என் குடையை எடுத்தேன்.

"அது வேண்டாம். நீங்கள் குடை இல்லாமல் வாங்கோ."

"ஏன் டொக்டர்?"

"குடை எவ்வளவு மறைக்குதெண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"

பட்டின வாசல் வரை நடந்தோம். அவர் தோள் காய்ந்திருந்தது. என்னைத் துவாயோடு சேர்த்துப் பிழிய வேண்டியிருந்தது. அவர் என்னை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல குடைதான்" என்றார். எனக்குக் காய்ச்சல் வந்ததும் பனடோல் மாத்திரையோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தவரும் அவரே. "இந்த முறை போடுங்கோ. அடுத்த காய்ச்சலுக்குப் போடாமல் இருந்து பாப்பம்" என்றார்.

ஒரு நாள் கடை முதலாளி அவரை நன்றாக மடக்கினார். "டொக்டர், நீங்கள் கலியாணம் கட்டினா மணவறையில பக்கத்தில ஆரை இருத்தி ஒப்பிட்டுப் பாப்பியள்?"

கடையே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. "அதாலதான் முதலாளி கட்டேல்ல" என்றார்.

ஆய்வைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் முகம் மாறும். தேசிக்காயை, அதாவது எலுமிச்சையைப் பிழிந்த சாற்றையும் சீனியையும் தண்ணீரில் கலந்து, கனத்த உருக்குப் பாத்திரத்தில் காற்றுப் புகாமல் திருகி மூடி, அடுப்பில் மணிக்கணக்காகச் சுடுவார். ஆறிய பிறகு திறந்தால் கபில நிறத்தில் ஒரு தண்ணீர் இருக்கும். அதற்குள் கரித் துணிக்கைகள். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கக்கூடிய அளவு சிறியவை. சாதாரண வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. புற ஊதாக் கதிர் விடும் சின்ன டோர்ச் ஒன்றை அடித்தால் குப்பி முழுவதும் நீலமாக ஒளிரும். முதன்முதலில் அதை எனக்குக் காட்டிய அன்று, கடலின் ஆழத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்துக் குப்பியில் அடைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"இது என்னத்துக்கு டொக்டர்?"

"புற்றுநோய்க்கு மருந்து குடுக்கினமெல்லோ, அது கடலில கொட்டின சாமான் மாதிரி. எல்லாக் கரையிலயும் ஒதுங்கும். நல்ல இடத்தையும் பழுதாக்கும். இந்தக் கரி, கப்பலுக்கு வழி காட்டுற பைலட் படகு. மருந்தைக் கூட்டிக்கொண்டு சரியான இறங்குதுறைக்குப் போகவேணும். போய்ச் சேந்ததெண்டு வெளிச்சமும் காட்டவேணும்."

"போகுதோ?"

"கண்ணாடித் தட்டில வைச்ச கலங்களுக்குள்ள போகுது. இன்னும் எலிக்கே குடுத்துப் பாக்கேல்ல. மனிசருக்கு எப்பவெண்டு எனக்குத் தெரியாது."

அந்த டோர்ச் அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். சலவைத்தூள் போட்ட வெள்ளைத் துணியும் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும் என்பதை ஒரு கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் வேட்டியில் அடித்துக் காட்டி, பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் தேளும் அதில் ஒளிரும் என்பது தெரிந்த பிறகு தெரு அவரை மன்னித்துவிட்டது. விறகு அடுக்கிய வீடுகளிலெல்லாம் அவரைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டுக் குசினி மூலையில் மட்டும் மூன்றைப் பிடித்துத் தந்தார். பிடித்த கையோடு, தேள் இல்லாத மூலைகளிலும் அதே அளவு நேரம் டோர்ச் அடித்துவிட்டுத்தான் போனார்.

இப்படிப்பட்டவரின் வீட்டுக்குத்தான் அக்கா வந்தார்.

கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்கு அருகே கட்டைபறிச்சானில் இருந்தவர். தாயும் தகப்பனும் இல்லாத தம்பியை வளர்த்தவர் அவர். தனக்கென்று குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. மார்பில் வந்த கட்டியைப் பல மாதங்கள் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, கை வீங்கிய பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றுவதற்கு வசதியாகத் தம்பி அவரைக் கூட்டிவந்து தன் கட்டிலைக் கொடுத்தார்.

அக்கா வந்த மறுநாள் நான் பார்க்கப் போனேன். மெலிந்த உடம்பு, ஆனால் குரல் மட்டும் கப்பல் சங்கு.

"நீங்கதானே மழையில நனைஞ்ச படக்காரத் தம்பி? இவன்ர கதையைக் கேட்டுப் போனீங்களே, உங்களுக்கு அறிவில்லையா?"

"அக்கா, அது பரிசோதனை" என்றார் டொக்டர்.

"பேசாம இருடா. மனிசரை நனைச்சுப்போட்டுப் பரிசோதனையாம்."

அன்றைக்கு நான் ஒன்றைக் கவனித்தேன். அக்கா வைத்த மீன்குழம்பை அவர் ஒரே தட்டிலிருந்து அள்ளிச் சாப்பிட்டார். பக்கத்தில் எதுவும் இல்லை. அக்கா சொன்னதை ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பினார். உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான் அவர் சும்மா இருந்தார்.

கம்பஸின் குளிரூட்டி அடிக்கடி நின்றுபோனதால், அவர் இரண்டு குப்பிகளை வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்திருந்தார். ஒன்றில் சுட்ட தண்ணீர். மற்றதில் சுடாத தேசிக்காய்ச் சீனித் தண்ணீர். அந்த நீல ஒளி எத்தனை மாதம் மங்காமல் இருக்கும் என்று பார்ப்பது நோக்கம். குப்பிகளில் ஆளுக்கோர் எழுத்து மட்டும் ஒட்டியிருந்தது. எது என்னவென்று அக்காவுக்குத் தெரியாது. தம்பி புற்றுநோய்க்கு என்று எதையோ செய்கிறான் என்பது மட்டும் தெரியும். அக்கா அதைக் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். பாண் வாங்கிக் கொடுக்கப் போயிருந்தேன்.

"தம்பி, அந்தத் தண்ணியில எனக்குக் கொஞ்சம் தா."

"ஏலாது அக்கா."

"ஏனடா ஏலாது?"

"இன்னும் எலிக்கே குடுத்துப் பாக்கேல்ல."

"எலிக்குக் குடுப்பாய், அக்காவுக்குக் குடுக்கமாட்டாய். என்னை ஒரு எலியெண்டு நினைச்சுத் தா."

நான் சிரித்துவிட்டேன். டொக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது உள்ள போய் ஈரலில தங்கிச்செண்டா? சிறுநீரகத்தில நிண்டிச்செண்டா? இப்ப ஏத்திற மருந்தோட சண்டை பிடிச்சுதெண்டா? எனக்குத் தெரியாது அக்கா. ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாதெண்டு சொல்லவா இவ்வளவு காலம் படிச்சாய்?"

"ஓம் அக்கா" என்றார். "அதைச் சொல்லத்தான் படிச்சனான்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாண் மேசையிலேயே கிடந்தது.

அதன் பிறகு சில வாரங்களில் ஒரு அதிசயம் நடந்தது. கீமோவுக்குப் பிறகு கட்டிலைவிட்டு எழும்பாத அக்கா எழும்பினார். சோறு கேட்டார். முற்றம் கூட்டினார். படலைக்குள் தலையை நீட்டிய மான்களைத் தும்புத்தடியோடு துரத்தினார். இந்த ஊர் மான்கள் யாருக்கும் பயப்படாதவை. அக்காவுக்குப் பயந்தன. தெருவே மகிழ்ந்தது. கடை முதலாளி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "டொக்டர், ஆஸ்பத்திரி மருந்து வேலை செய்யுது போல" என்றார்.

"இருக்கலாம்" என்றார் டொக்டர். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

ஒரு காலை அவர் என் வரைபலகைக்கு முன்னால் வந்து நின்றார். சாம்பல் பூசியது போன்ற முகம். கையில் டோர்ச்.

"குப்பியில கலப்படம் நடந்திருக்கு" என்றார்.

நான் பேனையை வைத்தேன்.

"அக்கா களவாக் குடிச்சிருக்கிறா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி. அந்தளவுக்குத் தண்ணியும் விட்டு நிரப்பி வைச்சிருக்கிறா. ருசி பாத்தனான், அரைவாசி வெறும் தண்ணி."

"ஐயோ. எந்தக் குப்பி?"

"அதைத்தான் முதலில பாத்தனான். டோர்ச் அடிச்சன். சுட்டது அப்பிடியே இருக்கு. அவ குடிச்சது சுடாதது." அவர் கதிரையில் உட்கார்ந்தார். "நாக்கை நீட்டச் சொல்லி அதிலயும் அடிச்சுப் பாத்தன். ஒளி இல்லை. ஏன் இதைக் குடிச்சனீங்க எண்டு கேட்டன். என்ன சொன்னவ தெரியுமா? ரெண்டையும் மணந்து பாத்தாவாம். ஒண்டில எரிஞ்ச மணமாம். தம்பி அதை அடிப்பிடிக்க விட்டிட்டான், நல்லது மற்றதுதான் எண்டு எடுத்தாவாம்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். பல வருட ஆராய்ச்சியை ஒரு முகர்வில் அடிப்பிடித்த கறி என்று ஒதுக்கிவிட்டாரே என்று இருவரும் மேசையைத் தட்டிச் சிரித்தோம். எந்த இடத்தில் அவருடைய சிரிப்பு அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"அவவுக்கு அது என்னெண்டு சொன்னீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை. சொல்ல வாயெடுக்க, 'உன்ர தண்ணி வேலை செய்யுது தம்பி, பார், நான் நடக்கிறன்' எண்டு சொன்னா. நான் என்ன சொல்ல?"

"என்ன சொன்னீங்கள்?"

"ஓம் அக்கா எண்டு சொன்னன்."

வாழ்நாளில் ஒப்பிட்டுப் பாராமல் அவர் சொன்ன முதல் விஞ்ஞான முடிவு அதுதான். அந்தத் தண்ணீரால் தீங்கு உண்டா என்று கேட்டேன். தேசிக்காயும் சீனியும்தான், புதிதாகக் கரைத்துக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது என்றார். கீமோவை நிறுத்தாமல் இருக்கிறாரா என்று கேட்டேன். ஒரு தவணையும் விடவில்லை என்றார். அப்படியானால் இருக்கட்டும் என்றேன். நிலத்துக்குக் கோடு போடுகிறவனிடம் கேட்டால் வேறென்ன சொல்வான்? இந்தப் பக்கம் ஒருவருக்கும் நட்டமில்லை என்று எனக்குத் தோன்றியது.

பிறகு தினமும் காலையில் அவரே கரைத்துக் கொடுத்தார். ஆய்வுகூடத் தராசில் சீனியை நிறுத்துப் போட்டார். அக்கா ஒரு கரண்டியை வாயில் விட்டுக் கண்ணை மூடி, "இண்டைக்கு மருந்து கொஞ்சம் புளிப்புக் கூட" என்பார். "நாளைக்குச் சரியாக்கிறன் அக்கா" என்பார் தம்பி. அந்த வாரங்களில்தான் அந்த வீட்டில் அதிகம் சிரிப்புக் கேட்டது. அவர் தேநீர்க்கடையில் சுடுதண்ணீர் கேட்க மறந்துபோன நாட்களும் உண்டு.

அக்கா வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே நின்றிருக்கும். ஆனால் நன்றாக இருக்கிற ஒருத்தி கிளினிக் வாங்கில் உட்கார்ந்து, பக்கத்தில் வாடிப்போய் இருக்கிற இன்னொருத்தியிடம் எப்படிப் பேசாமல் இருப்பாள்?

ஒரு பின்னேரம் படலையில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். தலையை மூடியிருந்த முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றிப் பேசினார். அவருடைய கணவர் ஓட்டோவுக்குள் சாய்ந்து கிடந்தார். நான் அப்போது மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். டொக்டர் வாசல்படியில். அக்கா உள்ளே கதிரையில், வெற்றியோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர் தம்பி, உங்கட ராத்தா எல்லாம் சொன்னாங்க" என்றார் அந்தப் பெண், உள்ளே இருந்த அக்காவைக் கண்ணால் காட்டி. "எங்கட வீட்டுக்காரருக்கும் அந்தத் தண்ணியில ஒரு போத்தல் தாங்க. நாளைக்குக் கீமோ. அது ஏத்தினா ஒரு கிழமை எழும்பமாட்டார். இனி அது வேணாம், உங்கட மருந்தே போதும் எண்டு முடிவெடுத்துட்டம்."

"குடு தம்பி" என்றார் அக்கா உள்ளிருந்து. "பாவம் அதுகள்."

டொக்டர் முதலில் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு ஓட்டோவுக்குள் இருந்த மனிதரைப் பார்த்தார். கடைசியாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார். அந்தப் பெண்ணைத் தனியே வெளியில் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். நானும் நினைத்ததுண்டு. ஆனால் அவர்கள் இருவரும் அடுத்த கிளினிக்கில் அதே வாங்கில் சந்திப்பார்கள். அக்கா அப்போதும் தன் சொல்லைத்தான் சொல்லுவார். அக்காவின் சொல்தான் நம்பப்படும். ஏனென்றால் அவர் எழும்பி நடக்கிறார்.

"அது மருந்து இல்லை" என்றார் டொக்டர்.

"தம்பி!" என்றார் அக்கா.

"அது தேசிக்காய்த் தண்ணி. சீனி போட்டது. வேற ஒண்டும் இல்லை." அவர் குரல் வகுப்பில் படிப்பிக்கும் குரலாக இருந்தது. நடுங்கவில்லை. "நான் செய்யிற மருந்து இன்னும் முடியேல்ல. அதை ஒருத்தருக்கும் குடுக்கேலாது. அக்கா குடிச்சது அதுவும் இல்லை. அவ நடக்கிறது ஆஸ்பத்திரி மருந்தாலயா இருக்கவேணும். நீங்கள் நாளைக்குக் கட்டாயம் இவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் வேணுமெண்டாலும் கூட வாறன்."

அந்தப் பெண் அக்காவைப் பார்த்தார். அந்தக் கப்பல் சங்குக் குரலிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மறுநாள் டொக்டர் சொன்னபடியே ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த மனிதருக்கு ஊசி ஏறி முடியும்வரை வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் அக்கா தம்பியோடு கதைக்கவில்லை. கேட்டால் தலையாட்டினார், கொடுத்ததைச் சாப்பிட்டார். பல நாட்களுக்குப் பிறகு, நானும் இருக்கும்போது, சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்தத் தண்ணியைக் கொண்டு வா."

டொக்டர் எழும்பி நின்றார். "அக்கா, அதில ஒண்டும்..."

"தெரியும். தேசிக்காய்த் தண்ணிதானே? எனக்குத் தாகமா இருக்கு. கரண்டியில வேண்டாம், கிளாசில தா. சும்மா தண்ணிக்கு என்னத்துக்குத் தராசு? சீனியைக் கையால அள்ளிப் போடு."

அவர் கையால் அள்ளிப் போட்டார். அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டு, "இப்பத்தான் வாயில வைக்கக்கூடியதா இருக்கு" என்றார். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். மீதியை அக்கா எனக்குக் கொடுத்தார். பல்லுக்கூசும் இனிப்பு.

ஆனால் அக்கா அதன் பிறகு முற்றத்தைக் கூட்டவில்லை. மான்கள் வந்து வாசல்படி வரை நின்று பார்த்துவிட்டுப் போயின. அடுத்த பரிசோதனையில் நோய் ஈரலுக்குப் போய்விட்டது என்றார்கள். அது எப்போதோ போயிருக்க வேண்டும், நடந்து திரிந்த நாட்களிலேயே இருந்திருக்கும் என்று பெரிய வைத்தியர் பொறுமையாக விளக்கினார். டொக்டர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். அக்கா கடைசிவரை தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் சாப்பிட்டானா என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார். கட்டைபறிச்சானில் கொண்டுபோய் அடக்கம் செய்தோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு கன்னியாவுக்குப் போனோம். உறவினர்கள் வான் வண்டியில் முன்னே போய்விட்டார்கள். அவர் என் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தண்ணீரின் சூடு வேறு. ஏழிலும் அள்ளித் தலையில் வார்ப்பதுதான் வழக்கம். பழைய கரி டொக்டராக இருந்தால் அதைவிட மகிழ்ச்சியான இடம் அவருக்கு உலகத்தில் கிடைத்திராது. ஒப்பிட்டுப் பார்க்க ஏழு கிணறு வைத்த ஒரே தலம் என்று கை கூப்பியிருப்பார். அன்றைக்கு அவர் முதலில் அகப்பட்ட கிணற்றில் வாளியை விட்டார். தலையில் ஊற்றினார். மறுபடியும் அதே கிணற்றில் விட்டு ஊற்றினார்.

"தம்பி, ஏழிலயும் அள்ளி வார்க்கவேணும்" என்றார் பெரியவர் ஒருவர்.

"ஒண்டே போதும் ஐயா" என்றார்.

ஈரத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றார். எல்லோரும் வான் வண்டிக்குப் போன பிறகு கேட்டார்.

"நான் சொல்லாமல் விட்டிருந்தா, அக்கா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாவோ?"

"வைத்தியர் சொன்னாரே டொக்டர்."

"அவர் நோயைப் பற்றிச் சொன்னவர். நான் நடந்து திரிஞ்ச நாளைக் கேக்கிறன். உண்மையைக் கேட்ட அக்காவைப் பாத்திட்டன். கேக்காத அக்காவையும் பாத்தால்தானே தெரியும்?" அவர் கிணறுகளின் பக்கம் திரும்பவேயில்லை. "ஒப்பிட்டுப் பாக்க எனக்கு இன்னொரு அக்கா இல்லையே."

நான் அவர் ஈரத்தோளில் துவாயைப் போட்டேன். அவருடைய கரித் துணிக்கைகள் இப்போது வேறோர் ஊரில், எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொல்கிறார். சொல்லும்போது குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அன்று திரும்பி வரும்போது அவர் பின்னால் உட்கார்ந்து, தலைக்கவசத்துக்குள் அழுதுகொண்டே வந்தார். என் சட்டையின் பின்பக்கத்தை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தார். நான் பக்கக் கண்ணாடியை மேலே திருப்பி வைத்தேன். கன்னியாவிலிருந்து பட்டினத்துக்கு நேர்வழி இருக்கிறது. நான் அதில் போகாமல் உப்புவெளிப் பக்கமாகத் திரும்பி, கடற்கரையைச் சுற்றி, அவர் அழுது முடியும்வரை மெதுவாக ஓட்டினேன்.